உற்றவனும் மருந்தே

திண்டுக்கல் நகருக்கு எத்திசையிலிருந்து வருவோரும் முதற்கண் காண்பது அதன் பாறையையே. சிறுமலையிலிருந்து இறங்கி வருவோர்க்கும், பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரத்தைக் கடந்து வருவோர்க்கும், மதுரையிலிருந்து இரயிலில் வருவோர்க்கும் அப்பெரும்பாறை, யாரோ ஒருவர் சாய்ந்துகொள்வதற்காக இட்டுவைத்த திண்டு போலவே தோன்றும். ஊரின் பெயரும் அதனாலேயே வந்தது என்பர். நாள்தோறும் காலையில் நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு முதலிய ஊர்களிலிருந்து மக்கள் பேருந்துகளில் வந்து இந்நகரில் இறங்குகின்றனர். சந்தைக்கு வருவோர் சிலர். வழக்குமன்றத்திற்கு வருவோர் சிலர். மருத்துவமனைக்கு வருவோர் பலர்.

மருத்துவமனைக்குச் செல்வோரிடம், "என்ன உடம்புக்கு?" என்று வினவிப் பாருங்கள். கண்ணிலே புரை என்பார் ஒருவர். சர்க்கரை மிகுந்துவிட்டது என்பார் மற்றொருவர். முழங்கால் வலியைப் பற்றிக் கேளாமலே அரைமணி நேரம் சொல்லும் பாட்டியும் அங்கே இருப்பார். ஆனால் அக்கூட்டத்திலேயே வாய் திறவாத சிலரும் உண்டு. அவர்கள் அக்காள் வீட்டுக்குப் போவதாகச் சொல்வார்கள். நோய்க்கு மருந்து தம் ஊரிலேயே கிடைக்குமாயினும், அறிந்தவர் கண்ணிற் படாதிருக்க வேண்டி அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள். மாத்திரை உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, மாத்திரையை மட்டும் வெற்றிலைப் பெட்டியில் இட்டு வைப்பாரையும் யான் கண்டதுண்டு. அவர்களுக்கு வந்திருப்பது மனத்தைப் பற்றிய நோய்.

கண்ணிற் புரை வந்தால் வெட்கப்படாத மனிதன், மனத்தில் நோய் வந்தால் வெட்கப்படுவது ஏன்? அவ்வெட்கம் நோய் தீர்வதற்கு எவ்வாறு தடையாகிறது? நோயிலிருந்து மீண்டு வருபவன் தன்னைத் தானே எவ்வாறு ஏற்றுக்கொள்வது? இவற்றையே இப்பாடத்தில் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழாசிரியனுக்கு அதுவே எளிய வழி. பைத்தியம் என்னும் சொல்லை இன்று தெருவிற் சிறுவரும் வசைமொழியாக வழங்குகின்றனர். ஆயின் அது பிறந்த இடம் மருத்துவ நூலே. பித்தம் என்பதோடு தொடர்புடைய சொல் அது. வாதம், பித்தம், ஐ என்னும் மூன்றும் தம் அளவில் நில்லாது மிகினும் குறையினும் நோய் உண்டாகும் என்று நம் முன்னோர் கொண்டனர். அவற்றுள் பித்தம் நிலைதிரிந்தமையால் அறிவு கலங்கியது எனக் கருதியே அப்பெயரை இட்டனர். அவர்கள் கூறிய காரணம் இக்காலத்து மருத்துவத்திற்கு ஒத்ததாகாது. எனினும் அவர்கள் அதனை உடம்பில் தோன்றும் ஒரு நோயாகவே கண்டனர் என்பதை நாம் மறத்தல் கூடாது. புத்தூரில் தம் திருமணத்தைத் தடுத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று இகழ்ந்தார் என்றும், வந்தவர் இறைவனே என உணர்ந்தபின் அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். இறைவனுக்குப் பெயராகிய ஒரு சொல் மனிதனுக்கு மட்டும் இழிவாயிற்று! சொல்லின் மீது குற்றம் இல்லை. அதனை எறியும் கையின் மீதே குற்றம்.

இனி நோயினை நோக்குவோம். மனநோய் என்பது ஒன்றன்று, பல. வாரக்கணக்கில் நீங்காத துயரமும், எதிலும் விருப்பின்மையும், உறக்கக் கேடும் வந்து வாட்டுவது மனச்சோர்வு நோய். காரணமின்றி நெஞ்சு படபடத்து, அச்சமே வாழ்க்கையாகிவிடுவது பதற்ற நோய். ஒருகால் அளவிறந்த எழுச்சியும் ஒருகால் அளவிறந்த தளர்ச்சியும் மாறி மாறி வருவது இருதுருவ நோய். பிறர் காதுக்குக் கேளாத குரல்கள் தன் காதுக்குக் கேட்பதும், பிறர் தனக்குத் தீங்கு சூழ்வதாக உறுதியாய் நம்புவதும் மனச்சிதைவு நோயின் குறிகளுள் சில. இந்நோய்களின் தோற்றத்தில் மூளையில் நிகழும் மாறுதல்களுக்கும், பரம்பரைக்கும், வாழ்வில் நேரும் இடர்களுக்கும் பங்கு உண்டு. பேய் பிடித்ததாலும் முற்பிறப்பின் தீவினையாலும் இவை வருவன அல்ல. மனவுறுதி இல்லாமையால் வருவனவும் அல்ல. மலையேறும் உரம் படைத்த ஆடவர்க்கும் மலேரியா வருகிறது. அதனை அவர் உறுதியின்மை என்று எவரேனும் கூறுவரோ?

2015, 2016 ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார், தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று ஆய்வு நடத்தினர். வயது வந்தோருள் நூற்றுவர்க்குப் பத்துப்பேர் அளவில் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துகின்றனர் என்பது அவ்வாய்வின் முடிவு. அவருள் மிகப் பெரும்பாலோர் எவ்வகை மருத்துவமும் பெறாதவர். உங்கள் தெருவில் நூறு பெரியவர்கள் இருப்பின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இஃது எங்கோ தொலைவில் இருப்பாரைப் பற்றிய செய்தி அன்று.

முற்காலத்தில் இந்நோயாளர் பட்ட பாடு பெரிது. சென்னையில் 1794 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இவர்களுக்கென ஒரு விடுதி அமைத்தனர். கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. அந்நாளில் அத்தகைய இடங்களின் நோக்கம், நோயைத் தீர்ப்பதினும் நோயாளரை ஊரிலிருந்து விலக்கி வைப்பதே ஆகும். 1912 ஆம் ஆண்டுச் சட்டமும் அடைத்துக் காப்பதையே பெரிதாகப் பேசிற்று. மருத்துவமனைக்குச் செல்ல இயலாத ஏழை மக்கள் கோயில்களையும் தருக்காக்களையும் நாடினர். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் காவிரிக் கரையில் உள்ள குணசீலத்திற்கு இன்றும் மனநோயாளரை அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்க வைப்போர் உளர். நம்பிக்கை ஆறுதல் தருவது. அதனைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆனால் நம்பிக்கையின் பெயரால் மருந்தை மறுத்தலும் மனிதரைக் கட்டி வைத்தலும் எத்தகைய கேட்டில் முடியும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள் விடியற்காலையில், அவ்வூரில் தனியார் நடத்திய கூரைக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019 ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. உள்ளே நெம்புகோல்கள் பல அமைத்து, அரத்தால் அராவி, ஒரு சாவிக்கு மற்றொரு பூட்டுத் திறவாதபடி செய்யும் கைத்திறன் இவ்வூர்க் கம்மியர்க்கே உரியது. அப்பூட்டுகள் கோயிற் கதவையும் களஞ்சியத்தையும் காக்கச் செய்யப்பட்டவை. ஏர்வாடிச் செய்தியை நாளிதழிற் படித்த அன்று, சங்கிலிகளில் தொங்கிய பூட்டுகள் எவ்வூரிற் செய்தவையோ என்னும் எண்ணம் எழுந்து நெஞ்சை உறுத்திற்று. இது பாடத்திற்குப் புறம்பான செய்தியாயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அக்கொடுமைக்குப் பின் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனை ஆராய்ந்தது. 2017 ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிட்டுக் கட்டலாகாது என்று இச்சட்டம் விதிக்கின்றது. அரசின் மனநல மருத்துவத்தைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்கின்றது. இவற்றினும் யான் வியக்கும் பகுதி ஒன்று உண்டு. வயது வந்த ஒருவர், எதிர்காலத்தில் தமக்கு இந்நோய் நேருமாயின் எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா, தம் சார்பில் முடிவு செய்பவர் யார் என்பவற்றை முன்னரே எழுதி வைக்கலாம் என்பதே அது. நோயாளியின் சொல் கேட்கப்படத் தக்கது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதினோர் இதனைக் கனவிலும் எண்ணியிரார்.

மருத்துவத்துறையில் இம்மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1952 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் இருவர், குளோர்புரோமசின் என்னும் மருந்து கலங்கிய மனத்தைத் தெளிவிக்க உதவுவதைக் கண்டு வெளியிட்டனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோர் பலர் வீடு திரும்பும் நிலை உண்டாயிற்று. அதே பத்தாண்டில் நம் நாட்டிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. அமிருதசரசு மருத்துவமனையில் இடம் போதாமையால், வித்யாசாகர் என்னும் மருத்துவர் நோயாளரின் குடும்பத்தாரையும் வரவழைத்துக் கூடாரங்களில் உடன் தங்கச் செய்தார். உறவினர் அருகிருந்த நோயாளர் விரைவில் தேறினர். இடமின்மையால் வந்த ஏற்பாடு மருத்துவத்திற்கே ஒரு நெறி ஆயிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 ஆம் ஆண்டில் தொடங்கியபோது, உறவினர் உடன் தங்குதலையே தன் முறையாகக் கொண்டது.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 ஆம் ஆண்டில் தலைமை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர் அவர். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து, அடைத்து வைக்கும் இடமாக இருந்த அதனை மருத்துவமனையாக மாற்றுதற்குப் பாடுபட்டார். நோயாளருக்குத் தொழில் கற்பிக்கும் கூடம் அங்கே அமைந்தது. மருந்தால் நோய் தணிந்த பின்னும் வேலையும் மதிப்பும் இல்லாத மனிதன் மீண்டவன் ஆகான் என்பதை அவர் அனுபவத்தில் உணர்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பின்னரும் ஓயாது, 1984 ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 2021 ஆம் ஆண்டில் தம் 98 ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

இவ்வளவும் பிறர் செய்தவை. மருத்துவர் செய்தார்; சட்டம் செய்தது; குடும்பம் செய்தது. நோயுற்றவன் செய்வது யாது? இக்கேள்விக்கு விடை நம் திருக்குறளில் உள்ளது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. மருத்துவனை முதலில் வைப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். வள்ளுவரோ உற்றவனை முதலில் வைத்தார். நோயுற்றவன் மருத்துவத்தைப் பெற்றுக்கொள்ளும் வெறும் பொருள் அல்லன். அவனே மருத்துவத்தின் முதற்கூறு.

பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரித்து உரைத்தார். நோயுற்றவனுக்கு அவர் கூறியவற்றுள் பொருளுடைமையை ஒதுக்கிவிடுவோம். இக்காலத்தில் அரசு மருத்துவமனைகள் அக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளன. எஞ்சிய மூன்றும், மருத்துவன் சொல்வழி நிற்பதும், தன் நோயின் நிலையை எடுத்துரைப்பதும், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுப்பதும் ஆகும். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய இவ்வுரை மனநோயிலிருந்து மீள்வார்க்கென்றே எழுதியது போல் இருக்கின்றது.

நோயின் நிலையை எடுத்துரைக்க வேண்டுமாயின், தனக்கு நோய் உண்டு என்பதை ஒருவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவே அரிது. "எனக்கு ஒன்றுமில்லை; மாத்திரை எதற்கு?" என்று சொல்லிச் சற்றே தேறியவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். சில வாரங்களிலோ திங்கள்களிலோ நோய் மீண்டும் தலையெடுக்கும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு கலந்து செய்ய வேண்டியவை. தானே செய்யத் தக்கவை அல்ல. மருந்தினால் வரும் துன்பமும் உண்மையே. சில மருந்துகள் உறக்கத்தை மிகுவிக்கும். சில உடம்பைப் பருக்கச் செய்யும். சிலவற்றால் கைந்நடுக்கமும் வாயுலர்ச்சியும் வரும். பொறுத்தல் என்றால் வாய் மூடிக் கிடத்தல் என்று பொருள் கொள்ளற்க. இன்ன துன்பம் வருகின்றது என்று மருத்துவரிடம் உரைத்தால், அவர் அளவை மாற்றுவார்; வேறு மருந்தும் தருவார். ஆகவே எடுத்துரைத்தலும் பொறுத்தலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

எனக்கு நோயே இல்லை என்பது ஒரு பிழையாயின், யானே நோய் என்பது அதனினும் பெரிய பிழை. நோயிலிருந்து தேறி வருபவன் பெரிதும் வீழ்வது இப்பள்ளத்திலேதான். நோய் மிகுந்திருந்த நாளில் தான் பேசிய பேச்சும் செய்த செயலும் அவன் நினைவுக்கு வருகின்றன. எதிர்வீட்டார் பார்வை அவற்றை மறக்கவிடாது. முன்னே ஒருநாளில் முடித்த வேலைக்கு இப்போது மூன்று நாளாகின்றது. தன்னோடு படித்தவர்கள் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவற்றையெல்லாம் கண்டு, 'இனி நான் எதற்கும் ஆகேன்' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றான். ஊரார் வைத்த பெயரை அவனே எடுத்து அணிந்துகொள்ளும் நிலை இது. மருத்துவர் தரும் மாத்திரை இத்தீர்ப்பை மாற்றாது.

தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பது இவ்விரண்டு பிழைக்கும் இடையே செல்லும் வழி. 'எனக்கு ஒரு நோய் வந்தது; அஃது என் குற்றத்தால் வந்ததன்று; அதற்கு மருந்து உண்கிறேன்; அந்நோய்க்கு அப்பாலும் யான் இருக்கிறேன்' என்று ஒருவன் தனக்குள்ளே சொல்லிக்கொள்வதே அது. இதனைச் சோர்ந்து கைவிடுதல் என்று சிலர் தவறாகக் கருதுவர். காலில் முள் தைத்திருப்பதை ஒப்புக்கொள்பவன்தான் அதனைப் பிடுங்க முற்படுவான். உற்றவன் என்னும் சொல்லையே பாருங்கள். உறு என்னும் வினையடியிலிருந்து வந்தது அது. ஒன்று தன்மேல் வந்து நேரப் பெற்றவன் என்பது பொருள். நேர்ந்தது வேறு, நேரப் பெற்றவன் வேறு. உற்றார் என்று நாம் சுற்றத்தாரைக் குறிக்கும் சொல்லும் அதே அடியிற் பிறந்ததே. நோயாளி என்னும் சொல்லும் அவ்வாறே. ஆளி என்பதற்கு உடையவன் என்பதே இலக்கணப்படி பொருள். நோயை ஆள்பவன் என்று பிரித்துக் காட்டுவது சொல்விளையாட்டுத்தான். எனினும் வகுப்பில் அவ்வாறு சொல்லி மகிழ்ந்ததுண்டு.

அமெரிக்க நாட்டில் கிளிபோர்டு பியர்சு என்னும் இளைஞர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநோயுற்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மருத்துவ விடுதிகளில் இருந்தார். அங்கே அடியும் இழிவும் பட்டார். தேறி வெளிவந்தபின், மற்றவர் போல் அதனை மறைக்காமல், 1908 ஆம் ஆண்டில் தம் பெயரிட்டே ஒரு தன்வரலாறு எழுதி வெளியிட்டார். மறு ஆண்டிலேயே மனநலத்திற்கான தேசியக் குழு ஒன்று அமெரிக்காவில் அவர் முயற்சியால் தோன்றியது. நோயை வென்றவர் என்று அவரைப் பாராட்டுவர் பலர். வெட்கத்தை வென்றவர் என்பதே எம் பாராட்டு. பின்னாளில் அவருக்கு நோய் மீண்டும் வந்தது என்பதையும் மறைத்தல் தகாது. அதனால் அவர் செய்த பணி பொய்யாகிவிடவில்லை. மீட்சி என்பது நேரே செல்லும் சாலையன்று. கொடைக்கானல் மலைப்பாதை போலத் திரும்பித் திரும்பிச் செல்வது. ஒரு வளைவில் நகரம் கீழே தெரியும். அடுத்த வளைவில் மறையும்.

மீண்டு வருவார் நாள்தோறும் செய்யத்தக்கன பெரியன அல்ல. குறித்த நேரத்தில் உறங்குதலும் எழுதலும் வேண்டும். உறக்கக் குறைவே பலர்க்கு நோயின் முதற்குறியாக வருகின்றது. ஆதலின் தனக்கு முன்னர் எவ்வெக் குறிகள் தோன்றின என்பதைச் சிறு ஏட்டில் குறித்து வைத்து, வீட்டில் ஒருவரிடமேனும் அதனைக் காட்டி வைத்தல் நன்று. மதுவும் பிற போதைப் பொருள்களும் கூடவே கூடா. காலையிலோ மாலையிலோ நடத்தல் நல்லது. எல்லாவற்றினும் மேலாக, கைக்கு ஒரு வேலை வேண்டும். அது சிறிதாயினும் பயனுடையதாய் இருத்தல் வேண்டும். சின்னாளபட்டியில் தறியில் அமர்ந்து நாடா ஓட்டுபவர்க்கும், நிலக்கோட்டையில் மல்லிகை தொடுப்பவர்க்கும், பட்டறையில் சாவிக்கு அரம் போடுபவர்க்கும் மாலையில் கண்முன்னே ஒரு பொருள் நிற்கும். இதனை இன்று யான் செய்தேன் என்று சுட்டிக் காட்டக்கூடிய அப்பொருள், எவருடைய புகழுரையும் தராத ஒன்றைத் தரும்.

1993 ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய பானியன் என்னும் அறநிறுவனம், வீடற்று மனநோயால் அலைந்த பெண்களுக்குப் புகலளித்தது. தேறிய பின்னும் செல்ல இல்லம் இல்லாதவர்களை விடுதியிலேயே வைத்திராமல், நால்வர் ஐவராக ஊரினுள்ளே சாதாரண வீடுகளில் குடிவைக்கின்றது. அவர்களே சமைக்கின்றனர், கடைக்குச் செல்கின்றனர், அண்டை வீட்டாரோடு பழகுகின்றனர். ஒருத்தி தன் வீட்டு வாசலில் தானே கோலம் இடுவதைக் காட்டிலும் பெரிய மீட்சி எதுவும் இல்லை என்பேன்.

இன்று மருத்துவம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. திண்டுக்கல்லில் 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்து வைக்கப்பட்டது. நேரிற் செல்லத் தயங்குவோர், 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இயங்கும் அரசின் இலவச உதவி அது. இரவும் பகலும் தமிழில் மறுமொழி கிடைக்கும். மாணவர்க்கும் அவ்வெண் உரியதே.

இனி என் ஆசிரியப் பணியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் யான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் நான்கு திங்கள் பள்ளிக்கு வரவில்லை. மஞ்சட்காமாலை என்று வீட்டார் சொல்லியனுப்பினர். அவன் திரும்பி வந்தபோது முகம் சற்றுப் பருத்திருந்தது. விரல்கள் மெல்ல நடுங்கின. பேச்சு மெதுவாக வந்தது. பிள்ளைகள் எப்படியோ செய்தியை அறிந்துகொண்டார்கள். அவனருகில் அமர்வதற்கு எவரும் விரும்பவில்லை. இடைவேளையில் ஒரு சொல் காற்றில் வரும். யார் சொன்னது என்று தெரியாது. அதனை யான் கேட்டும் கேளாதவன் போல் இருந்த நாள்கள் உண்டு. அதற்கு இன்றும் நாணுகின்றேன்.

என் வகுப்பில் உரைநடைப் பாடத்தை மாணவர் வரிசையாக எழுந்து படிப்பது வழக்கம். அவன் முறை வரும்போது யான் அவனை விட்டு அடுத்தவனை எழுப்பினேன். அவனுக்குத் துன்பம் தரலாகாது என்பது என் எண்ணம். இரக்கம் என்றே அதனை நினைத்திருந்தேன். பதினைந்து நாள் இவ்வாறு சென்றபின், ஒருநாள் மாலை பள்ளி விட்டதும் அவன் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றான்.

"ஐயா, எல்லாரையும் படிக்கச் சொல்கிறீர்கள். என்னை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்" என்றான்.

"உனக்குச் சிரமமாக இருக்குமே என்றுதான் தம்பி" என்றேன்.

"எனக்கு வந்தது காமாலை இல்லை, ஐயா. மனத்துக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் நாக்கு மெதுவாக வருகிறது. படிக்க மறந்து போகவில்லை."

குரலைத் தாழ்த்தாமல் அவன் அதனைச் சொன்னான். வழியிற் சென்ற பிள்ளைகள் இருவர் காதிலும் அது விழுந்தது. பெரியவர்கள் பலர் வெற்றிலைப் பெட்டிக்குள் மறைத்து வைத்ததைப் பதினைந்து வயதுப் பையன் வேப்பமரத்தடியில் திறந்து வைத்தான். யான் கற்ற பரிமேலழகர் உரையை அன்றுதான் ஒருவர் எனக்கு நடந்து காட்டினார் எனல் வேண்டும்.

மறுநாள் அவன் முறை வந்தபோது அவன் பெயரைச் சொல்லி அழைத்தேன். எழுந்து புத்தகத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு படிக்கத் தொடங்கினான். முதல் தொடர் முடிவதற்கே நெடுநேரம் ஆயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யான் நிமிர்ந்து நோக்கவே சிரிப்பு அடங்கியது. அவன் நிறுத்தவில்லை. பத்தியின் நடுவில் ஒரு நீண்ட கூட்டுச்சொல் வந்தது. அதனைப் பிரித்துப் படித்தான். மறுபடியும் சேர்த்துப் படித்தான். இரண்டு வரிகள் எஞ்சியிருந்தபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எழுந்தார்கள். அவன் அவ்விடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு இட்டு, "மீதியை நாளைக்குப் படிக்கிறேன், ஐயா" என்றான்.

மறுநாள் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கினான்.